குழந்தைகளின் காரணம் தெரியாத வாந்தி: மனம் சார்ந்த காரணங்கள்

பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் உங்கள் குழந்தை வாந்தி எடுக்கிறது. வீட்டில் இருக்கலாம் என்று சொன்னால் சிறிது நேரத்தில் விளையாடத் தொடங்கிவிடுகிறது. பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. இதனை நடிப்பு எனக் கருத வேண்டாம். மூளையும் குடலும் வேகஸ் நரம்பு வழியாக இடையறாத தொடர்பில் உள்ளன. அச்சத்தின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமடைந்து குமட்டல் உண்டாகிறது. வாந்தி உண்மையானது, அச்சமும் உண்மையானது.

ஆயினும், மனமே காரணம் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடக் கூடாது. பச்சை நிறத்தில் அல்லது இரத்தம் கலந்து வாந்தி வருதல், எடை குறைதல், கடும் வயிற்றுவலி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். விடுமுறை நாள்களிலும் காலையில் தலைவலியுடன் வாந்தி வந்தால், அது பள்ளியைப் பற்றிய அச்சமாக இராது. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம்.

ஆகவே நாள், நேரம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்குக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டவும். தேர்வு, சக மாணவரின் கேலி, ஆசிரியரின் தண்டனை, பெற்றோரின் சண்டை, பிரிவு, பாலியல் துன்புறுத்தல் என எதுவும் பின்னணியில் இருக்கலாம். "ஏன் வாந்தி எடுத்தாய்?" என்பதற்குக் குழந்தையிடம் விடை இராது. "பள்ளியில் எந்த நேரம் உனக்குப் பிடிக்கவில்லை?" எனத் தனிமையில் கேளுங்கள்.

வேறு இரு நிலைகளையும் மருத்துவர் கருத்தில் கொள்வார். சுழற்சி வாந்தி நோயில் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் வாந்தி நீடிக்கும். இடைக்காலத்தில் குழந்தை முழு நலத்துடன் இருக்கும். 1882-இல் சாமுவேல் ஜீ என்ற ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். ஒற்றைத் தலைவலியுடன் தொடர்புடைய இந்நோயை அச்சம் மட்டுமன்றி, பிறந்தநாள், பயணம் போன்ற மகிழ்ச்சியான பரபரப்பும் தூண்டலாம். மற்றொன்றில், உண்ட சிறிது நேரத்தில் குமட்டலின்றி உணவு வாய்க்குத் திரும்பும். வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி இதற்கு உதவும்.

வாந்திக்குப்பின் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுக்கவும். திட்ட வேண்டாம். அச்சமே காரணம் எனத் தெரிந்தபின், நீண்ட விடுப்பு அச்சத்தை வளர்க்கும். ஆசிரியருடன் பேசி, அரை நாளாயினும் அனுப்புங்கள். குழந்தை அங்குத் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், அதனை நிறுத்திய பின்னரே அனுப்ப வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.