ரேடியேட்டர் உள்ள வேட்டைக்காரன்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில், மே மாதத்து மதியம் ஒரு மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தார் உருகும். டீக்கடை நாய் லாரிக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருக்கும். ஃபேக்டரி வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, கூண்டை விட்டு வெளியே தலையை நீட்ட மாட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர் வந்து, "வாய்யா, ரெண்டு பேருமா ஓடிப்போய் ஒரு பெரிய மானைப் பிடிச்சுட்டு வரலாம். துப்பாக்கி கிடையாது, வில்லு கிடையாது, குதிரை கிடையாது... காலுதான்!" என்று கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்? 'வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு' என்றுதானே?

ஆனால், அந்த வேட்டைக்கு அதுதான் சரியான நேரம்! காலையில் ஓடினால் மான் ஜெயிக்கும். உச்சி வெயிலில் ஓடினால் மனிதன் ஜெயிப்பான். உலகத்தின் பல மூலைகளில் மனிதர்கள் இதை நிஜமாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையை இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மண்ணிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1863-ம் வருஷம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி. வயது 28. மெட்ராஸைச் சுற்றியிருக்கும் பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது அவர் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பகுதிப் பாறை அடுக்குகளைப் பற்றியும் பிறகு விவரமாக எழுதியவர். அந்த வருஷம் மே 30-ம் தேதி, பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய ஒரு குழியில் அவர் கையில் ஒரு கல் சிக்கியது. பார்த்த மாத்திரத்தில் பொறி தட்டியது. இது தானாக உடைந்த கல் இல்லை... யாரோ உடைத்துச் செதுக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான்!

அதோடு மனிதர் நிற்கவில்லை. செப்டம்பரில், தன் சகா வில்லியம் கிங்கைச் சேர்த்துக்கொண்டு கொசஸ்தலையாற்றுப் பக்கம் கிளம்பினார். (இந்த கிங்கின் அப்பாவும் ஒரு வில்லியம் கிங்தான். அயர்லாந்தில் பேராசிரியர். 'நியாண்டர்தால்' மனிதனுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் அவரே!) அந்த மாதம் 28-ம் தேதி, பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் இரண்டு பேரும் ஒரு புதையலையே கண்டார்கள். ஓடைக்கரை முழுக்கக் கைக்கோடரிகள்... ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் பிடிமானம் என்று கச்சிதமாகச் செதுக்கிய கற்கள்.

அந்தக் கற்களுக்கு என்ன வயது? இதற்கு விடை தெரிய ஏறக்குறைய 150 வருஷம் ஆயிற்று. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் 1999-லிருந்து அங்கே பொறுமையாகத் தோண்டினார்கள். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளின் துணையோடு வயதைக் கணித்து, 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். விடை: சுமார் 15 லட்சம் வருஷம்!

நிதானமாக யோசித்துப் பாருங்கள். ராஜராஜ சோழனுக்கும் நமக்கும் இடைவெளி ஆயிரம் வருஷம். அதைப் போல 1,500 மடங்கு தள்ளிப் போனால்தான் அத்திரம்பாக்கத்து ஆசாமிகள் வருவார்கள். அவர்கள் நம் இனம்கூட இல்லை, நமக்கு முந்தைய மனித இனம். ஆனால் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவர்கள்.

அங்கே கற்களோடு வேறு சில தடயங்களும் கிடைத்தன. களிமண்ணில் பதிந்து இறுகிப்போன விலங்குகளின் குளம்புத் தடங்கள். கல்லாகிவிட்ட மூன்று பற்கள். ஒன்று எருமை அல்லது மாட்டு இனம். இன்னொன்று குதிரை இனம். மூன்றாவது, ஆட்டினமாக இருக்கலாம், இல்லாவிட்டால் நீல்காய்!

நீல்காயை வடஇந்தியாவில் ரயிலில் போகும்போது நீங்கள் பார்த்திருக்கலாம். குதிரை மாதிரி உடம்பு, மாடு மாதிரி முகம். ஆசியாவிலேயே பெரிய இரலை அதுதான். இரலை என்பது ஆங்கிலத்தில் 'ஆன்டிலோப்' என்கிறார்களே, அந்த வகை. மானுக்கும் இரலைக்கும் என்ன வித்தியாசம்? மானின் கிளைவிட்ட கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து முளைக்கும். இரலைக்கு ஒரே கொம்பு, ஆயுள் பூராவும். நன்கு வளர்ந்த ஆண் நீல்காய் 200 கிலோவைத் தாண்டும். இன்றைக்குத் தமிழ்நாட்டுக் காடுகளில் அது கிடையாது.

இங்கேதான் கேள்வி வருகிறது. 15 லட்சம் வருஷத்துக்கு முன் வில், அம்பு கிடையாது. வேட்டைநாயும் குதிரையும் மனிதனிடம் பழகியிருக்கவில்லை. கையில் இருப்பது கல். புலி மாதிரி நகமோ, ஓநாய் மாதிரி பல்லோ இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு தெருநாய்கூட நம்மைத் தோற்கடித்துவிடும். இப்பேர்ப்பட்ட ஆசாமி 200 கிலோ மிருகத்தைக் கிட்டே நெருங்குவது எப்படி?

அத்திரம்பாக்கத்தில் கல்லும் பல்லும் ஒரே மண்ணில் கிடைத்தன... சாட்சி அவ்வளவுதான். அவர்கள் ஓடிப் பிடித்தார்களா, பதுங்கி அடித்தார்களா, புலி தின்ற மிச்சத்தைப் பொறுக்கினார்களா என்று பல் சொல்லாது. அது பாலைவனமும் அல்ல, திறந்தவெளியும் ஈரமுமாக இருந்த நிலம். ஆனால் 'வெறும் காலை வைத்துக்கொண்டு இது முடியுமா?' என்ற கேள்விக்கு உயிரோடு ஒரு விடை இருக்கிறது. அதைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

கலஹாரி பாலைவனம். போட்ஸ்வானா நாடு. அங்கே வாழும் சான் மக்களை 'புஷ்மென்' என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லூயி லீபன்பெர்க் வருஷக்கணக்கில் அவர்களோடு பழகி, அவர்களுடைய ஓட்ட வேட்டையைப் பதிவு செய்தார். இரையின் பெயர் 'கூடு'. (குருவிக்கூடு அல்ல! முறுக்கிய கொம்புள்ள, 200 கிலோவைத் தாண்டும் இரலை.)

வேட்டை இப்படித்தான் நடக்கும். வெயில் 39 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரை. மூன்று நான்கு பேர், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கூடு இவர்களைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சலில் கண்ணுக்கு மறைந்துவிடும். இவர்கள் பதறுவதில்லை. காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் ஓடுவார்கள். அது எங்காவது நிழலில் நின்று மூச்சு வாங்கும். உடம்பு ஆறுவதற்குள் இவர்கள் போய் நிற்பார்கள். மறுபடியும் பாய்ச்சல்... மறுபடியும் நிழல்... மறுபடியும் இவர்கள். இரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை இந்தக் கூத்து நடக்கும். தூரம், அதிகபட்சம் 35 கிலோமீட்டர் வரை. கடைசியில் கூடு நின்றுவிடும். ஓட மனமில்லாமல் அல்ல, முடியாமல். ஈட்டியோடு பக்கத்தில் போனாலும் அசையாது.

பி.பி.சி.யின் 'பாலூட்டிகளின் வாழ்க்கை' தொடருக்காக, கரோஹா என்ற சான் வேட்டைக்காரர் எட்டு மணி நேரம் ஒரு கூடுவைத் துரத்தி வீழ்த்தியதைப் படம் பிடித்தார்கள். டேவிட் அட்டன்பரோ வர்ணனையோடு உலகமே பார்த்தது.

மர்மம் என்ன? ஒரகடம் தொழிலாளியிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்... ரேடியேட்டர்!

எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் சூட்டை வெளியேற்ற வழியில்லாவிட்டால் மலை ஏறும்போது நின்றுவிடும். நாலு கால் பிராணிகள் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கின்றன. ஆனால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கணக்கு. அப்போது நாய் மாதிரி 'ஹா ஹா' என்று இரைக்க முடியாது. ஆக, ஓடினால் ஆற முடியாது, ஆற வேண்டுமானால் நிற்க வேண்டும். மனிதனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடம்பில் அடர்த்தியான ரோமம் கிடையாது. தோல் முழுக்க லட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள். கடுமையாக ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை கொட்டும். ஓடிக்கொண்டே ஆறும் உடம்பு இது!

அமெரிக்க விஞ்ஞானி டேவிட் கேரியர் 1984-லேயே இதை எழுதினார். 2004-ல் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் இருவரும் 'நேச்சர்' இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் குதிகால் நரம்பு, ஓடும்போது தலை ஆடாமல் பிடிக்கும் பிடரி நரம்பு, பருத்த பின்புறத் தசை எல்லாமே நெடுந்தூரம் ஓடுவதற்காக அமைந்தவை என்றார்கள். நாம் அந்தத் தசையை நாற்காலியில் உட்காரத்தான் பயன்படுத்துகிறோம் என்பது வேறு விஷயம்.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "ஓட்டம் என்பது நடையைவிட அதிகம் சக்தி தின்னும் சமாச்சாரம். வரவைவிடச் செலவு அதிகம். தவிர, கலஹாரியை விட்டால் உதாரணம் எங்கே?" என்று மடக்கினார்கள். பி.காம். படித்தவன் என்ற முறையில், இந்த வரவு-செலவுக் கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது.

2024-ல் அதற்குப் பதில் வந்தது. யூஜின் மொரான், புரூஸ் விண்டர்ஹால்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 16-ம் நூற்றாண்டிலிருந்து பயணிகளும் பாதிரியார்களும் எழுதிவைத்த குறிப்புகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். உலகெங்கும் 272 இடங்களிலிருந்து கிட்டத்தட்ட 400 ஓட்ட வேட்டைக் குறிப்புகள் அகப்பட்டன! பாலைவனம் மட்டுமல்ல, பனிப் பிரதேசத்திலும், காட்டிலும் மனிதர்கள் துரத்தியிருக்கிறார்கள். கணக்கும் போட்டார்கள். செலவு கூடத்தான். ஆனால் வேட்டை சீக்கிரம் முடிவதால், கிடைக்கும் இறைச்சியோடு ஒப்பிட்டால் பல சமயங்களில் லாபமே!

சரி, கால் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. போதுமா? போதாது என்பதை லீபன்பெர்க் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார். 1990-ல் அவரும் அந்த வேட்டைக்காரர்களோடு ஓடினார். கனமான பூட்ஸ், பழக்கமில்லாத வெயில். ஒரு கட்டத்தில் அவருக்கு வியர்வையே நின்றுபோயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் காலி! இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கூடுவுக்கு நேர்ந்த கதிதான் அவருக்கும். கூட ஓடிய சான் நண்பர் அவர் உடம்பைத் தொட்டுப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, தண்ணீருக்காக முகாமை நோக்கி ஓடினார். லீபன்பெர்க் பிழைத்தார்.

இந்த வேட்டையின் நிஜமான ரகசியம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. சான் மக்கள் தனியாகக் கிளம்புவதில்லை. ஒருவர் தடம் பார்ப்பார், ஒருவர் மிருகத்தை மடக்கிவிடுவார், இருப்பதிலேயே நல்ல ஓட்டக்காரர் தன் பலத்தைக் கடைசிக் கட்டத்துக்காகச் சேமித்து வைப்பார். மிச்சப் பேர் வழியில் ஒவ்வொருவராக நின்றுகொள்வார்கள். தடம் மறைந்துவிட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். 'இந்நேரம் அது களைத்திருக்கும், எந்த நிழலுக்குப் போயிருக்கும்?' என்று ஊகித்து, அங்கே போய்ச் சரிபார்ப்பார்கள். மனிதனின் விஞ்ஞான மூளையே இப்படித் தடம் பார்த்ததில்தான் பிறந்தது என்பது லீபன்பெர்க்கின் கட்சி. வீழ்த்தியது ஒருவராக இருந்தாலும் இறைச்சி எல்லோருக்கும்.

இதை வாசித்துவிட்டு யாரும் மான் பின்னால் ஓடிவிடாதீர்கள்! 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் துரத்திப் பிடிக்கும் காலம் முடிந்துவிட்டது, முடிந்ததும் நல்லதே. ஆனால் தடம் பார்க்கும் வேலை முடியவில்லை. அது இப்போது தொல்லியலாளர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் தேடும் தடம் நம் ஃபேக்டரிகளின் காலடியிலேயே இருக்கிறது.

2022-ல் ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு கிராமத்தில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்துத் தடயங்கள் வந்தன, சங்ககாலத்தை ஒட்டிய பொருட்கள் வந்தன, அதற்கும் கீழே கல்லாயுதங்கள் வந்தன! 12 ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆயுதப் பட்டறை என்று அறிவித்தார்கள். ஆழம் எவ்வளவு தெரியுமா? முழுசாக ஒரு மீட்டர்கூட இல்லை. ஒரு ஜே.சி.பி. ஒரே கொத்தில் அள்ளிவிடும் ஆழம்!

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவோ நல்லது நடந்திருக்கிறது. கார், லாரி, பைக் என்று எல்லாம் இங்கே தயாராகின்றன. பல ஆயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மனை சமப்படுத்தவும் ரோடு போடவும் லோடு லோடாகச் சிவப்புச் சரளை மண் போகிறதே, ஃபூட் தன் முதல் கல்லை எடுத்ததும் அப்படிப்பட்ட சரளைக் குழியில்தான். அவர் குனிந்து பார்த்தார். இன்றைக்கு லாரியில் ஏறும் சரளையைக் குனிந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

கட்டடம் எழும்புவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்கிறோம், தூண் தாங்குமா என்று பார்க்கிறோம். அதோடு, இந்த மண்ணில் யாராவது உட்கார்ந்து கல் செதுக்கியிருக்கிறார்களா என்று ஒரு தொல்லியலாளரை விட்டு நாலு நாள் பார்க்கச் சொன்னால் எந்த ஃபேக்டரியும் நின்றுவிடாது. 15 லட்சம் வருஷம் வெயிலையும் வெள்ளத்தையும் தாண்டி வந்திருக்கும் தடம் இது. ஒரு தடவை அள்ளிக் கொட்டிவிட்டால், எந்தச் சான் வேட்டைக்காரனாலும் கண்டுபிடித்துத் தர முடியாது.