ஓட்டைக் குடமும் பத்து நானோசெகண்டும்

ஓவர்கிளாக்கிங்னாலே எல்லாரும் பிராசசர் கதையத்தான் சொல்லுவாங்க. 1998 ஆகஸ்ட்ல இன்டெல் விட்ட செலரான் 300ஏ ஞாபகம் இருக்கா? பஸ் வேகத்தை 66லேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏத்தினா, 300ல ஓட வேண்டிய சில்லு 450ல ஓடும். அதே மாசம் வந்த பென்டியம் 2 450ஐ விட விலை ரொம்பக் கம்மி. ஆனா அந்தக் காலத்து 440பிஎக்ஸ் போர்டுல ராமுக்கும் அதே பஸ் வேகம்தான். பிராசசர் ரெடின்னாலும், பழைய பிசி66 ராம் 100க்குத் தாங்கலைன்னா மொத்த ஆட்டமும் க்ளோஸ்.

ராம் ஏன் இப்படி முரண்டு பிடிக்குது? ஐபிஎம்ல இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968ல பேடன்ட் வாங்கின அமைப்புதான் இன்னிக்கு வரைக்கும்: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டர் ஒரு ஓட்டைக் குடம். வழக்கமா 64 மில்லிசெகண்டுக்குள்ள திரும்ப நிரப்பலைன்னா உள்ள இருந்தது போச்சு. படிக்கணும்னா முதல்ல வரிசையைத் திறக்கணும், அப்புறம் அதுல வேண்டிய இடத்தை எடுக்கணும், கடைசியா மூடணும். பயாஸ்ல 2-2-2, 3-3-3ன்னு பாக்கறீங்களே, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கிளாக் பொறுக்கணும்ங்கிற கணக்குதான் அது. ரொம்பக் குறைச்சா, குடத்துல தண்ணி இருக்கா இல்லையான்னு எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்ற கதை.

2003 வாக்குல இதுக்குன்னே பேர் போனது வின்பாண்டோட பிஎச்-5 சில்லு. டிடிஆருக்கு விதிச்சது 2.5 வோல்ட். இந்த மக்கள் 3.3 வோல்ட் கொடுத்து 2-2-2லயே 250 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் விரட்டினாங்க! தயாரிப்பு நின்ன பிறகு பழைய ராமைத் தேடி அலைஞ்சது தனிக்கதை.

இப்போ எனக்குப் பிடிச்ச கணக்கு. டிடிஆர்-400ல நிஜ கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்புக்கு 5 நானோசெகண்ட். சிஏஎஸ் 2ன்னா 10 நானோசெகண்ட். டிடிஆர்4-3200ல சிஏஎஸ் 16? அதுவும் 10. டிடிஆர்5-6000ல சிஏஎஸ் 30? அட, அதுவும் 10தான்! அள்ளித் தர்ற வேகம் 15 மடங்கு ஏறியும், முதல் சொட்டுக்குக் காத்திருக்கிற நேரம் அசையவே இல்லை. பெட்டியில போட்டிருக்கிற பெரிய நம்பரை மட்டும் பாத்து ராம் வாங்கறவங்களைக் கண்டா எனக்குப் பாவமா இருக்கும் :-)

2007ல டிடிஆர்3யோட எக்ஸ்எம்பி வந்தப்புறம் ஒரே க்ளிக்ல எல்லாம் செட் ஆகிடுது. ஆனா ஸ்டேபிளா இருக்காங்கிற கேள்வி மட்டும் பழசுதான். ப்ளூ ஸ்க்ரீன் வந்தா அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க, தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சே. ஒத்தை பிட் சத்தமில்லாம மாறி, கல்யாண ஃபோட்டோவைக் காப்பி பண்றப்ப அப்படியே டிஸ்க்குல பதிஞ்சா? அடுத்த வருஷம் திறக்கிறப்பதான் தெரியும்.

இதுக்குத்தான் கிறிஸ் பிராடி 1994ல வெளியிட்ட மெம்டெஸ்ட்86. விண்டோஸ் இல்லாம தானே பூட் ஆகி, மெமரி முழுக்க விதவிதமா எழுதி, திரும்பப் படிச்சுப் பாக்கும். ஒரு நேரத்துல ஒரு செட்டிங்கை மட்டும் மாத்துங்க, ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போங்க. காலையில ஒரே ஒரு எர்ரர் நின்னாலும் சரி, டைமிங்கை ஒரு படி தளர்த்திட்டு மறுபடி முதல்லேர்ந்து.