லெப்பையின் திண்ணையும் ஆங்கில வகுப்பும்

கல்முனைக் கரையோரத்துப் பிள்ளை ஐந்து வயதிலேயே இரண்டு திசையில் வாசிக்கப் பழகிவிடுகிறது. காலையில் பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழ். அந்தியில் குர்ஆன் மதரஸாவில் வலமிருந்து இடமாக அறபு. பிறகு ஆங்கிலம். அதற்கும் பிறகு இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம். இத்தனை எழுத்துக்களைச் சுமக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் “இதுக்கு இங்கிலிஷ் ஏறாது சேர்” என்று சொல்கிறோம். இந்தத் தீர்ப்பு சரியா என்று நமது சமூகத்தின் கல்வி வரலாற்றையே கேட்டுப் பார்க்கலாம்.

நமது முன்னோர் புதிய எழுத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். தமிழ் ஒலிகள் சிலவற்றுக்கு அறபு நெடுங்கணக்கில் எழுத்து இல்லை என்று கண்டதும், இருந்த எழுத்துக்களோடு புள்ளிகளைக் கூட்டி அறபுத் தமிழை ஆக்கிக்கொண்டார்கள். மார்க்கச் சட்டமும் மாலைப் பாட்டும் அதில் எழுதப்பட்டன. தமிழ் எழுத்து அறியாத உம்மாமார்கூட அதை வாசித்தார்கள். காதுக்குப் பழகிய மொழியைப் புதிய எழுத்தில் கற்பது இலகு என்ற உண்மையை எந்தப் பயிற்சிக் கலாசாலையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்திடம் மட்டும் தயக்கம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளின் கையில் இருந்தபடியால், மொழியோடு மதமும் வந்துவிடும் என்று பெற்றோர் பயந்தார்கள். இந்தப் பயத்தை நேரே எதிர்கொண்டவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை (1838–1898). ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற வாதத்தை அவர் ஆங்கிலத்தில் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மக்களின் தமிழிலேயே அதை முன்வைத்தார். 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஊக்கமும் சேர்ந்தது. 1892இல் மருதானையில் பிற்கால ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது. மார்க்கத்தை இழக்காமலே ஆங்கிலம் கற்கலாம் என்பதற்கு அது கண்முன் சாட்சி.

ஆனால் மருதானை எங்கே, மருதமுனை எங்கே! கொழும்பின் வெளிச்சம் நெல்லும் தறியும் மீனும் வாழ்வாகிய நமது கரைக்கு வந்துசேர நெடுங்காலம் எடுத்தது.

1942இல் யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோனது. உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காகக் கல்முனைக்கு அனுப்பப்பட்ட உதவி அரசாங்க அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இந்துக் கல்லூரியில் கற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேரத் தேர்ந்தவர். வயலைப் பார்க்க வந்தவர் வகுப்பறையையும் பார்த்தார். திறமை இருந்தும் வசதியில்லாமல் பிள்ளைகள் நின்றுவிடுவதைக் கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக முன்நின்றார். 1945இல் அவர் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் முளை இந்த மண்ணில்தான் விழுந்தது. அவர் மதித்துப் பழகிய சுவாமி விபுலானந்தரின் ஊரான காரைதீவும் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவு திறந்தது தாய்மொழியால்தான். இதை மறக்கக் கூடாது. ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது, அதை நல்லபடி கற்பிக்கிற ஆசிரியர் நகரத்தில் தங்கினார். கரையோரத்துக்கு நேரசூசி மட்டும் வந்தது. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஆங்கில மூலம் மீண்டும் திறக்கப்பட்டபோது, பெற்றோர் அள்ளுப்பட்டு ஓடியதன் பின்னால் அந்த நீண்ட ஏக்கம் இருந்தது.

இன்று அந்த ஏக்கம் மறுகரைக்குப் போய்விட்டது. “இங்கிலிஷ் வந்தாப் போதும், தமிழ் தானா வரும்” என்கிறார் ஒரு வாப்பா. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டப்பணம் என்று ஒரு பாடசாலையில் எழுதி ஒட்டியிருந்ததை நானே கண்டேன். அந்த வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. ‘ஃபாதர்’ என்ற சொல்லின் நடு ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. ஆனால் ‘அஊது பில்லாஹி’யில் அதே ஒலி இருக்கிறது, நாக்கு நுனியை மேற்பல் விளிம்பில் வைத்து அதை ஒலிக்கத் தஜ்வீத் உஸ்தாத் எப்போதோ பழக்கிவிட்டார். அச்சொல்லின் முதல் ஒலி ‘ஃபாத்திஹா’ என்ற பெயரிலேயே இருக்கிறது. ‘திங்க்’ என்பதன் முதல் ஒலி கவ்ஸர் சூறாவில். ‘ஸீரோ’வின் முதல் ஒலி ஸில்ஸால் சூறாவில். இலக்கணமும் அப்படித்தான். தமிழில் ‘பாடசாலைக்கு’ என்று வேற்றுமை பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் உறவுச்சொல் முன்னால் நிற்கும். ‘பிஸ்மி’யில் ‘பி’ முன்னால் நிற்பதைக் காட்டினால், அறபுச் சொற்களின் பொருள் கேட்டுப் பழகிய பிள்ளை “ஓ, அப்பிடியா சேர்” என்று பிடித்துக்கொள்கிறது. தமிழில் விளக்கி, அறபில் உதாரணம் காட்டி, ஆங்கிலத்தில் பேசவைக்கச் சில நிமிடங்கள் போதும்.

சித்திலெப்பை தமிழால் ஆங்கிலத்துக்கு வழி காட்டினார். அஸீஸ் இரண்டிலும் எழுதினார். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலைத் தமிழில் தந்தார். ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தால், இன்று நமக்கு இரண்டும் இருந்திராது. ஆங்கில ரீச்சரும் மதரஸா உஸ்தாதும் ஒரே ஊரில், ஒரே பிள்ளைகளுக்குத்தான் படிப்பிக்கிறார்கள். அவர்கள் இருவரும் ஒரு பின்னேரம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசினால், அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி.