மழையில் ஏறும் மீன்

எங்க ஊர்ல தூண்டில் பந்தயத்துக்குத் தேதி குறிக்கிற வழக்கம் கிடையாது. ஐப்பசியில் அடைமழை பிடித்து, பள்ளிக்கூடம் லீவு என்று தெருவில் ஒருத்தன் கத்திக்கொண்டு ஓடினால் அன்றைக்குத்தான் பந்தயம். இடம் புது ஆற்றங்கரை. கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. யார் எந்த இடத்தில் உட்காருவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஒரு விரால் பத்துக் கெண்டைக்குச் சமம். தோற்றவன் எல்லார் மீனையும் செதில் உரசிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வருஷம் எனக்கு நல்ல இடம் விழுந்தது. பாலத்துக்குக் கீழே, சுழல் ஓரம். ஆனால் ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் செக்கச் செவேலென்று ஓடியது. தக்கை ஓர் இடத்தில் நிற்கவில்லை. கழி நனைந்து கனத்தது, விரல் விறைத்துவிட்டது. உச்சிப்பொழுது வரை உட்கார்ந்து கிடைத்தது இரண்டு கெளுத்தி. அதிலும் ஒன்று கையில் குத்திவிட்டது. எங்களில் சின்னவன் ஒருவன் மட்டும் சீட்டில் விழுந்த இடத்தை விட்டுவிட்டு, வயல் தண்ணீர் விழுகிற வடிவாய்க்கால் பக்கம் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவன் பறி நிறைய மீன். இடம் மாறினது செல்லாது என்று சண்டை போட்டோம். திண்ணையில் இருந்த பெரியப்பா சிரித்தார். "மழை ஊத்துற அன்னிக்கு மீனு ஆத்துல ஏன்டா நிக்கப்போவுது? அது மேல ஏறிப் போயிருக்கும். ஏறுற எடத்துல போய் நில்லுங்கடா."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காவிரி டெல்டாவின் இருநூறு வருஷத்தைப் படித்துப் பார்த்தால், அறிவாளிகள் பலர் இதே விஷயத்தில் முட்டி நின்றது தெரிகிறது.

முதலில் தரங்கம்பாடி. டேனிஷ் கம்பெனியின் கோட்டை இருந்த ஊர். அங்கே இருந்த லெப்டினன்ட் டால்டார்ஃப், 1791 நவம்பரில் ஒரு குளத்தோரப் பனைமரத்தில் ஒரு மீனைப் பார்த்தார். தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில், மரத்துப் பிளவில் ஒட்டிக்கொண்டு, மேலே ஏற முயன்றுகொண்டிருந்தது என்று எழுதினார். அந்தக் குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. ஐரோப்பியர்களில் பலர் நம்பவில்லை. ஏதாவது பறவை கவ்விக்கொண்டு போய் வைத்திருக்கும் என்று பின்னால் சிலர் விளக்கம் சொன்னார்கள். நம் ஆட்களோ அந்த மீனுக்குப் பனையேறி என்றே பேர் வைத்திருந்தார்கள். மரம் ஏறுகிறதோ இல்லையோ, மழை நாளில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது தரையில் நகர்ந்து போவது உண்மை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது. டால்டார்ஃப் பார்த்தது நவம்பர் மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். நமக்கு அது ஐப்பசி, கார்த்திகை. மீன் ஏறுகிற காலம்.

அதே தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜான், இங்கே கிடைத்த மீன்களைப் பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நன்றிக்கு ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று பெயரிட்டார் பிளாக். நம் விராலுக்கு அவர் அறிவியல் பெயர் வைத்தது 1793இல். டெல்டாவின் மீன் இப்படி உலகத்தின் புத்தகத்தில் ஏறியது. அது எங்கே, எப்போது, எதற்காக ஏறுகிறது என்ற கேள்வி மட்டும் ஊர்க்காரர்களிடமே தங்கிவிட்டது.

அடுத்தது ஆர்தர் காட்டன். 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டியவர். கொள்ளிடத்தில் வீணாகப் போன தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பி, தஞ்சாவூர் நெல்லைக் காப்பாற்றியவர் என்று அவரை இன்றைக்கும் கொண்டாடுகிறோம். நியாயந்தான். ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. முப்பது வருஷம் கழித்து, 1867இல், ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணைகள் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் மீன்களைத் தடுத்து மீன்வளத்தைக் கெடுத்திருக்குமோ என்று கேட்டு எழுதியவரும் இதே காட்டன்தான். தான் கட்டியதைப் பற்றித் தானே சந்தேகம் கேட்கிற எஞ்சினியரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை விசாரிக்கத்தான் சென்னை ராஜதானி மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே அனுப்பப்பட்டார். அணைக்குக் கீழே ஏற முடியாமல் குவிந்து கிடக்கும் மீன்களை வலை போட்டு அள்ளுவதை அவர் எழுதினார். இந்தியா முழுக்கக் கலெக்டர், தாசில்தார்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கி, 1873இல் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார்.

அதே 1873இல் இன்னொரு புத்தகம் வந்தது: ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'தி ராட் இன் இந்தியா'. தாமஸ் சென்னை ராஜதானி சிவிலியன், பெரிய தூண்டில்காரர். 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். பொடிக்கண்ணி வலைகளால் குஞ்சுகளை வாரிவிடுகிறார்கள், சட்டம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கிலாந்தில் சால்மன், டிரவுட் இரண்டும் பிரபுக்களின் மீன். மற்றதெல்லாம் முரட்டு மீன், மட்ட ரகம். அதைக் கால்வாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்து பிடித்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள். நம்மைப் போலவே சீட்டுக் குலுக்கி இடம் பிடித்து, மழையோ காற்றோ நகராமல் பந்தயம் போடுவார்கள். அந்த மட்ட மீனுக்கும் ஓய்வு வேண்டும் என்று 1878இல் ஒரு சட்டம் வந்தது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பிடிக்கக் கூடாது. அதைக் கொண்டுவந்தவர் முண்டெல்லா, ஷெஃபீல்டு தொழில் நகரத்தின் எம்.பி. தூண்டில் போடுகிறவர்களின் ஊரிலிருந்து வந்த சட்டம் அது.

இந்தியாவுக்கு வந்தது 1897ஆம் வருஷத்து மீன்வளச் சட்டம். வெடி போட்டுப் பிடிப்பது குற்றம். மீனைப் பிடிக்கவோ கொல்லவோ எண்ணி நஞ்சு, சுண்ணாம்பு போன்றவற்றைத் தண்ணீரில் கலப்பதும் குற்றம். 'எண்ணி' என்ற சொல் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கொள்ளிடத்தில் கடலிலிருந்து ஏறி வருகிற உல்லம் மீன் உண்டு. வங்காளிகளின் ஹில்சா. மீன்வளத் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் மீன்படி அமைத்துப் பார்த்தது. உல்லம் அதில் ஏறவில்லை. சால்மன் துள்ளுகிற மீன், உல்லம் துள்ளாது. வேறு ஊர் மீனுக்கு யோசித்த படியை இந்த மீனிடம் காட்டினால் அது என்ன செய்யும்? 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு வெள்ளத்தின் போக்கே மாறியது. காவிரியில் உல்லம் பிடிப்பது படிப்படியாகக் கதையாகிப்போனது.

கல்லணைக் கால்வாயும் அந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்ததுதான். சுமார் 148 கிலோமீட்டர். மேட்டூரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது மரபு. கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்தில் மீனுக்கு ஓய்வு கொடுத்த அந்த மூன்று மாதமும் ஏறக்குறைய முழுக்கவே நம் கால்வாய் மூடிக் கிடக்கிற காலத்துக்குள் வருகிறது. ஆனால் அங்கே அது மீன் பிழைக்கிற காலம், இங்கே மீன் சாகிற காலம். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும். சேற்றைக் கலக்கி, தண்ணீரை இறைத்து, கடைசிக் குஞ்சு வரைக்கும் அள்ளிவிடுவோம். அடுத்த வருஷத்து மீன் குளத்திலிருந்தும் ஆற்று மடுவிலிருந்தும் வயல் வழியாக ஏறித்தான் வரவேண்டும். அதனால்தான் அந்த ஐப்பசி ஏற்றம் இவ்வளவு முக்கியம்.

குளங்களோ மீன்பாசி ஏலத்தில் போய்விடும். குத்தகைதாரர் இருக்கிற குளத்தில் தூண்டில் போட்டால் விரட்டுவார்கள். வாய்க்காலும் வயலும்தான் காசில்லாதவர்களுக்கு மிச்சம். கூலி வேலை இல்லாத மழை நாளில் வயல் மடையில் பறி வைத்துக் குழம்புக்கு மீன் எடுத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே பல. பந்தயத்தில் நாங்கள் விளையாடியது அவர்கள் சாப்பாட்டை வைத்துத்தான் என்பது அப்போது புரியவில்லை.

1960இல் தஞ்சாவூர் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரம் வந்தது, மருந்து வந்தது, விளைச்சல் கூடியது. நெல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மருந்தடித்த வயலின் தண்ணீர் வடிவாய்க்காலில் இறங்கியபோது, மேலே ஏறி வந்த மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. 1897ஆம் வருஷத்துச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. மீனைக் கொல்ல எண்ணி யாரும் மருந்தடிக்கவில்லை அல்லவா? வேரை இடித்துக் குட்டையில் போட்டு நாலு கெண்டை பிடித்தவன் குற்றவாளி. ஒரு வடிகால் மீனையே அழித்தது குற்றத்தில் சேராது.

2021இல் கல்லணைக் கால்வாயைச் சுமார் 2,640 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தரையில் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும் என்றது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மீனைப் பற்றிய பேச்சு மட்டும் என் காதில் விழவில்லை. காட்டன் 1867இல் கேட்ட கேள்வி அது. அணை கட்டி முப்பது வருஷம் கழித்துக் கேட்டார். நாம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாலத்துக்குக் கீழே நாலு பையன்கள் நைலான் நரம்பும் ஃபைபர் கழியுமாக நின்றார்கள். பையில் இருந்ததெல்லாம் சிலேபி. வடிவாய்க்கால் பக்கம் போய்ப் பாருங்கடா, மழைக்கு மீன் ஏறும் என்றேன்.

"அங்க ஒண்ணும் இல்ல மாமா," என்றான் ஒருவன். "காலைலயே போய் நின்னு பார்த்துட்டோம்."