கடல் கடந்த சிப்பாயும் ஊர்க் கடிதமும்

போர் வரலாறு என்றதும் படைத்தலைவர் பெயர்களும், வென்ற ஊர்களும், வீழ்ந்த அரண்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கி ஏந்தியவனும் ஒரு குடும்பத்தின் தலைவனன்றோ? அவன் களத்தில் நிற்கும்போதும் ஊரில் வயல் விளைய வேண்டும்; கடன் தீர வேண்டும்; பெண்ணுக்கு மணம் முடிய வேண்டும். இவ்வுண்மையை எடுத்துரைக்கும் அரிய சான்று, முதல் உலகப் போரில் நம் நாட்டுச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களாகும்.

1914 செப்டம்பர் இறுதியில் லாகூர்ப் படைப்பிரிவு பிரான்சு நாட்டின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. மீரட் படைப்பிரிவு பின்தொடர்ந்தது. பஞ்சாபியர், பட்டாணியர், டோக்ரர், கடுவாலியர், கூர்க்கர் எனப் பல இனத்தவர் அவற்றில் இருந்தனர். சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். பழகாத குளிரிலும் பதுங்கு குழிச் சேற்றிலும் நின்ற அவர்களுக்கு ஊர்த் தபாலே உயிர்த்துணையாயிற்று.

1915 மார்ச்சு வாக்கில் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 வரை கடிதங்கள் எழுதப்பட்டன என மதிப்பிட்டுள்ளனர். எழுதியவர்களில் பலர் எழுத்தறியாதவர். ஒருவர் சொல்ல, எழுதத் தெரிந்த தோழர் எழுதுவார். கடிதம் கப்பலேறி, சூயஸ் கால்வாய் கடந்து, பம்பாய் வந்து, ரயிலேறிக் கிராமம் சேரப் பல வாரங்கள் ஆகும். அங்கும் படிக்கத் தெரிந்த ஒருவரே அதை உரக்க வாசிக்க வேண்டும். கணவன் மனைவிக்கு எழுதும் சொல், இவ்வாறு இரு பிறர் வாய்வழியே சென்றது.

அக்கடிதங்களில் வீர முழக்கம் உண்டு. ஆயினும் வீட்டுக் கவலையே மிகுதி. அனுப்பிய பணம் சேர்ந்ததா, மழை பெய்ததா, மாடு எப்படியிருக்கிறது, நிலத்தகராறு என்னவாயிற்று என்றெல்லாம் வினவினர். பிரெஞ்சுப் பெண்கள் கற்றவராய், ஆடவர் இல்லாத வேளையில் பண்ணையை நடத்துவதைக் கண்ட சிலர், தம் பெண்களையும் பள்ளிக்கு அனுப்புமாறு எழுதினர். போர்க்களம் ஒரு கல்விக்கூடமும் ஆயிற்று.

மூன்றாவது கண் ஒன்றும் அக்கடிதங்கள்மேல் இருந்தது. அது தணிக்கை அதிகாரியின் கண். காப்டன் ஹோவெல் என்பவர் தலைமையில் ஓர் அலுவலகம் கடிதங்களைப் பரிசோதித்தது. சிப்பாய்களும் சளைக்கவில்லை. கரு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், செம்மிளகு என்றால் ஆங்கிலேயச் சிப்பாய் எனக் குறிச்சொல் வைத்து, கரு மிளகு தீர்ந்து வருவதாக எழுதினர். உறவினரைப் படையில் சேரவிடாதீர்கள் என்பதே அதன் உட்பொருள். சர்க்கார் தன் ஐயத்தின் காரணமாக அக்கடிதங்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிந்து வைத்தது. அந்த ஐயமே இன்று நமக்கு வரலாறாயிற்று. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அப்பதிவுகள் உள்ளன.

கவலை கடிதத்தோடு நின்றுவிடவில்லை. சிப்பாய் தொலைவில் இருக்கையில், அவன் இல்லாமலே ஊரில் வழக்கு நடந்து நிலம் பறிபோகலாம் அல்லவா? இதைத் தடுக்க 1918-லும் பின்னர் 1925-லும் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. போர்ப்பணியில் உள்ளவன்மீதான வழக்கை நீதிமன்றம் ஒத்திவைக்க அவை வழிசெய்தன.

காலாட்படையினர் 1915 இறுதியில் பிரான்சைவிட்டு வேறு களங்களுக்குச் சென்றனர். குதிரைப்படையினர் 1918 வரை அங்கிருந்தனர். திரும்பாதோர் பலர். நவ் சாப்பலில் 1927-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கடிதம் வருவது நின்றுபோன ஒரு வீடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். சிப்பாயின் துன்பம் நமக்கில்லை. எனினும் ஊர்க் கடிதத்தை எதிர்நோக்கும் ஏக்கத்தை நம் முன்னோர் அறிவர். இன்று கைபேசியில் நொடியில் பேசிவிடுகிறோம். பேச்சு காற்றோடு போய்விடுகிறது. நம் டிரங்குப் பெட்டிகளில் பெரியோர் எழுதிய பழங் கடிதங்கள் இருப்பின், எறிந்துவிடாமல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோமாக. அயலார் ஐயத்தால் காத்ததை, நாம் அன்பினால் காக்கலாகாதா?