‘யூதாஸ்!’ என்று கத்தியவரும் ரசிகர்தான்

முதல்ல ஒரு வாக்குமூலம். எனக்கு உயிரான ஒரு இசையமைப்பாளரோட ஆல்பம் சில வருஷத்துக்கு முன்னாடி நள்ளிரவுல ரிலீஸ் ஆச்சு. காது ‘சுமார்’னு சொல்லுச்சு. கை ‘வெறித்தனம்’னு டைப் பண்ணிடுச்சு. ‘கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்’னு ரெண்டு வாரம் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அதுக்கப்புறம் அந்த ஆல்பத்தை நானே திரும்பக் கேட்கலை.

ரசிகனா இருந்துக்கிட்டே நேர்மையா ஒரு பாட்டை எடை போட முடியுமா? இந்தக் கேள்விக்காக இன்னைக்கு பாப் டிலன் கதைக்குப் போகலாம்.

1963, 64 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன்தான் செல்லப்பிள்ளை. ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், அநீதியைக் கேள்வி கேட்கும் வரிகள். அந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை மரக் கிட்டார் என்றால் உண்மை, எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் வியாபாரம்.

1965 ஜூலை 25 அன்று அதே மேடைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ஒரு ராக் குழுவோடும் வந்தார் டிலன். மூன்று பாட்டு. கைதட்டலோடு கூச்சலும் எழுந்தது. எல்லாக் கூச்சலும் ஒரே காரணத்துக்காக இல்லைங்க. மூத்த பாடகர் பீட் சீகர், ‘இரைச்சலில் வரிகளே புரியவில்லை, என் கோபம் அதற்குத்தான்’ என்று பின்னாளில் விளக்கினார். அது காதில் விழுந்ததைப் பற்றிய புகார். நியாயமான புகார்.

அடுத்த வருஷம் நடந்தது வேற கதை. 1966 மே 17, இங்கிலாந்தின் மான்செஸ்டர். முதல் பாதி, டிலன் தனியாகப் பாடினார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. இரண்டாம் பாதியில் இசைக்குழு வந்ததும் தாளம் தப்ப வேண்டும் என்றே சிலர் மெதுவாகக் கைதட்டினார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு குரல்: ‘யூதாஸ்!’ உன்னை நம்பமாட்டேன், நீ பொய்யன் என்று பதில் சொன்ன டிலன், குழுவைப் பார்த்து இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அந்தப் பதிவு வேறொரு அரங்கத்தின் பெயரில் கள்ளத்தட்டாகச் சுற்றி, 1998-இல்தான் முறையாக வெளியானது.

யோசிச்சுப் பாருங்க. டிலன் எலெக்ட்ரிக்குக்கு மாறி ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. அந்த ரெக்கார்டுகள் கடையிலேயே கிடைச்சுது. ‘யூதாஸ்’ங்கிறது பாட்டைப் பற்றிய விமர்சனமே இல்லை. ‘நீ எங்க ஆளா, இல்லையா?’ங்கிற விசாரணை.

இப்போ இன்னொரு ரசிகர். 1970 ஜூனில் டிலனின் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ வந்தது. இரட்டை ஆல்பம், 24 பாட்டு, பாதிக்குமேல் மற்றவர்கள் பாட்டு. முதல் பாட்டில் டிலன் குரலே கிடையாது. பிரிட்டனில் அது விற்பனையில் முதலிடம் பிடித்தது. டிலனை உயிராக நேசித்த விமர்சகர் கிரீல் மார்கஸ், ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சனத்தை ஒரு கெட்ட வார்த்தைக் கேள்வியோடு தொடங்கினார்! ஆனால் அதோடு விடவில்லை. ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பேசினார்.

மான்செஸ்டர் குரலுக்கும் மார்கஸுக்கும் வித்தியாசம் இதுதான். ரெண்டு பேருக்கும் ஏமாற்றம்தான். ஒருத்தர் ஆளைத் தண்டிச்சார். இன்னொருத்தர் பாட்டைக் கேட்டுட்டுப் பேசினார்.

கதையில ஒரு திருப்பமும் இருக்கு. 2013-இல் அந்தக் காலத்துப் பதிவுகள், பின்னால் சேர்த்த இசைப் பூச்சுகளை நீக்கி, தனித் தொகுப்பாக வந்தன. பலரும் வியந்து கேட்டார்கள். அதற்கு அறிமுகக் கட்டுரை எழுதியது யார்? அதே கிரீல் மார்கஸ். காதை நம்பித் திட்டினவருக்கு, மறுபடி காதைத் திறக்கிறதும் சுலபமா இருந்திருக்கு.

நான் காப்பாத்தக் கிளம்பின அந்த ஆல்பத்தை இந்த வாரம் திரும்பக் கேட்டேன். நாலு பாட்டு இப்பவும் சுமார்தான். ஆனா அஞ்சாவது அவ்வளவு அழகு! அன்னைக்குச் சண்டை போட்ட அவசரத்துல அதை நான் சரியா கேட்கவே இல்லை.