கண்டிச் சீமைக்கு வெட்டிய வீதி

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ1 வீதியின் நீளம் சுமார் 116 கிலோமீட்டர். இலங்கையைக் காரில் சுற்றிப் பார்க்கக் கிளம்புவோர் பலரும் முதலில் ஏறுவது இந்த வீதியில்தான். தூரம் சிறிது, ஆனாலும் நெரிசலையும் ஏற்றத்தையும் கணக்கில் கொண்டு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும். இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்வரை இந்த வீதியே கிடையாது. போட முடியாமல் இருந்ததல்ல; கண்டி மன்னர்கள் வேண்டுமென்றே போடாமல் விட்டிருந்தார்கள்.

மலைநாட்டுக்குள் வரும் பாதைகளை அகலப்படுத்தக் கூடாது, எல்லைக் காட்டை வெட்டக் கூடாது என்பது அவர்களுடைய ஆட்சிமுறை. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒற்றையடித் தடங்கள்தான் இருந்தன. அவற்றின் குறுக்கே முள் அடைத்த காவல் வாயில்கள். கொழும்பைத் தாண்டியதும் வரும் கடவத்தை என்ற ஊரின் பெயரே அத்தகைய வாயிலைக் குறிக்கும் சிங்களச் சொல். பீரங்கியை இழுத்துக்கொண்டு அந்தத் தடங்களில் ஏற முடியாது. ஏறி வந்தவர்களும் திரும்புவது அரிதாக இருந்தது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1803இல் ஆங்கிலேயர் கண்டி நகரைப் பிடித்தபோது அது ஆளில்லாமல் கிடந்தது. சில மாதங்களில் மேஜர் டேவி சரணடைய, அவருடைய படையினர் மகாவலிக் கரையில் கொல்லப்பட்டார்கள். 1815இல் கண்டி விழுந்ததற்குக் காரணம் ஆங்கிலேயரின் பீரங்கி மட்டுமல்ல. நாயக்கர் வம்சத்தின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அவருடைய பிரதானிகளே கைவிட்டிருந்தார்கள்.

1817–18இல் ஊவாவில் வெடித்த கிளர்ச்சி புதிய ஆட்சியாளருக்கு ஒன்றைப் புரிய வைத்தது: வீதி இல்லாமல் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது. 1820இல் பதில் ஆளுநராகவும் பின்னர் ஆளுநராகவும் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வீதி வேலையைத் தொடங்கினார். பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் டோசன் தடத்தை வகுத்தார். கூலி? பெரும்பாலும் கிடையாது. மன்னர் காலத்து இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தையே ஆங்கிலேயரும் கையிலெடுத்து, கிராமத்தவரைக் கொண்டு மலையை வெட்டினார்கள். கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு பாறையைக் குடைந்தே வழி விட்டார்கள். மலை துளைக்கப்படும்வரை அந்நியர் ஆட்சி நிலைக்காது என்று கண்டியில் ஒரு நம்பிக்கை இருந்ததாகவும், அதை நிறைவேற்றிக் காட்டவே பாறை குடையப்பட்டதாகவும் இன்றும் கதை சொல்வார்கள். இப்போது வாகனங்கள் அந்தக் குடைவுக்குப் பக்கத்தால் போகின்றன. குடைவு அப்படியே நிற்கிறது.

இந்த வீதியின் வரலாற்றில் 1832 ஓர் அசாதாரணமான ஆண்டு. ஜனவரியில், நாடு கடத்தப்பட்டிருந்த விக்கிரமராஜசிங்கன் வேலூரில் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். பெப்ரவரியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் கோச் ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதல் தபால் கோச் என்று சொல்லப்படுவது இதுதான். முன்பு நாட்கணக்கில் நடந்த தூரம் ஒரு பகலுக்குள் சுருங்கியது. அதே ஆண்டில் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1829இல் இறந்துபோன டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயரமான கோபுரம் ஒன்றும் எழுந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

பேராதனையில் மகாவலியைக் கடக்க, 1830களின் தொடக்கத்தில், முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள். 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டிய அந்தப் பாலத்தில் ஓர் ஆணிகூட இல்லை. மரத்தோடு மரம் கோத்தே நின்றது. நடுவில் தூண் இல்லாததால் வெள்ளம் மோத அதற்கு எதுவும் இருக்கவில்லை. 1905வரை அது தாங்கியது.

படைக்காகப் போட்ட வீதியைக் கோப்பி எடுத்துக்கொண்டது. முன்பு பொதிமாட்டுத் தவளங்கள் போன தடத்தில் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசை கட்டின. தோட்டத்துக்கு ஆள் வந்த வழி வேறு. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலுக்கும் பசிக்கும் மாண்டவர் பலர். வீதியால் கிராமத்தவருக்கு வந்ததோ வரி. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாவனல்லைக்கு அருகே உதுவன்கந்தையில் பதுங்கி, இதே வீதியில் வழிப்பறி செய்த சரதியேல் 1864 மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அரசாங்கத்துக்கு அவன் கொள்ளையன். ஊர்க் கதைகளில் ஏழைகளின் காவலன்.

1867இல் புகைவண்டி கண்டியை எட்டியதும் கோப்பி மூட்டைகள் தண்டவாளத்துக்கு மாறின. உல்லாசப் பயணமும் அதன் பின்னே போனது. 1908இல் ஹென்றி கேவ் வெளியிட்ட புகழ்பெற்ற இலங்கைக் கையேடே புகைவண்டிப் பாதைகளின் வழிகாட்டியாகத்தான் அமைந்தது. வீதிக்குப் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவந்தது மோட்டார் கார். அதிகாரிகள் குதிரை மாற்றவும் இரவு தங்கவும் கட்டிய வாடிவீடுகள் சுற்றுலாக்காரரின் சாப்பாட்டு இடங்களாயின. 1820களில் தோன்றிய அம்பேபுஸ்ஸ வாடிவீடு அவற்றில் மிகப் பழையது எனப்படுகிறது. கஜுகமவில் வீதியோரக் கொட்டில்களின் முன் நின்று பெண்கள் கஜுப் பொதிகளைக் காட்டிக் கார்களை நிறுத்துகிறார்கள். கேகாலைக்குக் கிட்டே மொலகொடையில் மண்சட்டிகள் அடுக்கியிருக்கும்.

மழைக்காலத்தில் இந்த ஏற்றத்தை நம்பிப் பயணத் திட்டம் போடுவது புத்திசாலித்தனமல்ல. 2025 நவம்பரில் பெய்த பெருமழையிலும் டித்வா புயலிலும் கடுகண்ணாவைப் பகுதியில் மண் சரிந்து வீதி மூடப்பட்டது. மாற்று வழியாகப் போடப்படும் மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது இன்னும் கண்டியை எட்டவில்லை.